ஒரு வீட்டுக்கு ஒரு பந்து

மாடு மேய்கிற இடத்தில் கோல்ஃப் ஆடி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பார்க்காவிட்டால் ஒரு நாள் மலையேறிப் போய்ப் பாருங்கள். அந்த மலையூர் மைதானத்தில் விடிந்ததும் மாடுகள் மேயும். பனி விலகியதும் மனுஷர்கள் வருவார்கள். மாடு நகர மாட்டேன் என்றால் மனுஷர்தான் காத்திருக்க வேண்டும்.

விளையாட்டு ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. கையில் ஒரு மட்டை. தரையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெள்ளைப் பந்து. தூரத்தில் கொடி நட்ட குழி. குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் போட்டவர் கெட்டிக்காரர். நடுவில் புதர் இருக்கும், பாறை இருக்கும். இதெல்லாம் போதாதென்று வேண்டுமென்றே வெட்டி வைத்த மணல் பள்ளமும் இருக்கும். பந்து எங்கே விழுந்ததோ அங்கிருந்தே அடுத்த அடி. கையால் எடுக்கக் கூடாது. காலால் தள்ளக் கூடாது.

அங்கே ஆட்டம் சொல்லிக் கொடுப்பவள் மங்கையர்க்கரசி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவள் ‘மாஸ்டர்’. அவளிடம் ஒன்று கேட்டால் பதில் வாயிலிருந்து வராது. “வாங்க” என்று நடக்கத் தொடங்கிவிடுவாள். கேட்டவர் பின்னால் போக வேண்டியதுதான்.

அன்றைக்குக் கேட்க வந்தவன் ஜெயசிங். கடைவீதியில் உரக்கடை வைத்திருப்பவன். மாஸ்டரைவிட வயதில் மூத்தவன், ஆனாலும் அவளுடைய மாணவன். வந்தவன் மட்டைப் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை.

“மாஸ்டர், ஒரு சந்தேகம்.”

“கேளுங்கண்ணே.”

“நாளைக்குக் குடும்ப ஆட்டம்.”

“ஆமா.”

“என் பொண்ணு என்னை வேண்டாம்னுட்டா.”

குடும்ப ஆட்டம் என்பது அந்த மைதானத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை. ஒரு வீட்டுக்கு ஒரே பந்து. அந்த வீட்டில் இரண்டு பேர் ஆடலாம், மூன்று பேரும் ஆடலாம். ஆனால் ஆளுக்கொரு தலைமுறையாக இருக்க வேண்டும். முறை வைத்து ஆளுக்கு ஓர் அடி. மகள் அடித்தது முள்ளுக்குள் போனால், அந்த முள்ளுக்குள் நின்றுதான் அப்பன் அடுத்த அடி அடிக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் வரைக்கும் ஆள் சேரலாம், விலகலாம்.

“போன வருஷம் வரைக்கும் நானும் பியூலாவும்தான் ஆடினோம். இந்த வருஷம் அவ தாத்தாகூட ஆடப் போறாளாம். ‘நீங்க வீட்ல இருங்கப்பா, மீன் குழம்பு வைங்க’ங்கிறா.”

“நல்லா வைப்பீங்களா?”

“மாஸ்டர்!”

“சரி, சரி. சொல்லுங்க.”

“தாத்தாகூட ஆடுறப்ப பந்து எந்தப் பள்ளத்துல விழுந்தாலும் சிரிக்கிறா. என்கூட ஆடுறப்ப நல்ல புல்லுல கிடந்தாக்கூட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறா. நான் ஒரு வார்த்தை திட்டினது கிடையாது. எப்ப அடிச்சாலும் சூப்பர்னுதான் சொல்லியிருக்கேன். அப்புறம் ஏன் மாஸ்டர்?”

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துத் தரையில் போட்டாள்.

“வாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து இது ஒண்ணுதான். இன்னைக்கு நாம ஒரே வீடு. நான் உங்க அப்பான்னு வச்சுக்குங்க.”

“நீங்களா?”

“மீசை ஒண்ணுதான் குறை. நடங்க.”

முதல் அடி மாஸ்டருடையது. பந்து கோடு கிழித்த மாதிரி போய் நின்றது. அடுத்தது ஜெயசிங்குடையது. அவன் ஓங்கி அடித்தான். பந்து வலப்பக்கம் வளைந்து புதரைப் பார்த்துப் போனது.

“போச்சு” என்றான்.

மட்டையைத் துடைத்துப் பைக்குள் வைப்பதற்குள் மாஸ்டர் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள். அவன் போய்ச் சேர்ந்தபோது பந்து புதருக்கு வெளியே பச்சைப் புல்மேல், தட்டில் வைத்த லட்டு மாதிரி இருந்தது.

“சூப்பர் அடி அண்ணே!”

“புதருக்குள்ள போன மாதிரி இருந்துச்சே?”

“இங்கேதான் கிடந்துச்சு.”

அவன் சந்தோஷப்பட்டான். நம் அடி நாம் நினைக்கிற அளவுக்கு மோசம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மாஸ்டரின் முறை முடிந்து, அவனுடைய அடுத்த அடி பாறைமேல் ‘டக்’கென்று பட்டது. சத்தம் அவன் காதிலேயே விழுந்தது. பந்து எப்படியும் சரிவில் உருண்டு ஓடியிருக்கும். போய்ப் பார்த்தால் அதுவும் வழியோரமாகச் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

“சூப்பர் அண்ணே!”

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. மாஸ்டரைப் பார்த்தான். அவள் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுடைய அதற்கடுத்த அடியில் நடந்ததுதான் வேடிக்கை. ஜெயசிங் அடித்தான். அடித்த கையே சொன்னது, இது வேறு அடி என்று. பந்து மேலே ஏறி, கொஞ்ச நேரம் வானத்திலேயே தங்கி, மேட்டுக்கு அந்தப் பக்கம் கொடி இருக்கிற திசையில் இறங்கியது. விழுந்த இடம் தெரியவில்லை. மாஸ்டர் ஏற்கனவே மேடேறிக்கொண்டிருந்தாள். அவன் பையைப் போட்டுவிட்டு ஓடினான். மூச்சு வாங்கப் போய்ப் பார்த்தால், பந்து கொடிக்கு ஓர் எட்டுத் தள்ளிக் கிடந்தது.

“சூப்பர் அண்ணே!”

அவன் பந்தைப் பார்த்தான். மாஸ்டரின் காலைப் பார்த்தான். மறுபடியும் பந்தைப் பார்த்தான்.

“மாஸ்டர், இது இங்கே தானா வந்துச்சா?”

“வேற எப்படி வரும்?”

“சத்தியமாச் சொல்லுங்க. தள்ளினீங்களா?”

“எந்தப் பந்தைக் கேக்கறீங்க?”

“இதைத்தான்! மத்ததை விடுங்க. மத்ததெல்லாம் நீங்க தள்ளினது எனக்குத் தெரியும். என் அடி எனக்குத் தெரியாதா? இது ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது நான் அடிச்சதுதானா?”

மாஸ்டர் மறுபடியும் மாட்டைப் பார்த்தாள்.

ஜெயசிங் தொப்பியைக் கழற்றினான். கொடிக்குப் பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

“பியூலா இதே மாதிரி கேட்டா” என்றான். “போன வருஷம். இதே கொடிகிட்ட. ‘அப்பா, இது நானே அடிச்சதுதானா?’ன்னு. நீயே அடிச்சதுதான் பாப்பான்னு சொன்னேன். நிஜமாவே அவ அடிச்சதுதான் மாஸ்டர். அது ஒண்ணை நான் தொடவே இல்லை. அவ நம்பல.”

“மத்ததை?”

அவன் புல்லைப் பிடுங்கினான்.

“அண்ணே, புல்லு வளர மாசக்கணக்காகுது.”

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

“தள்ளினேன் மாஸ்டர். புதர்ல போனதை, பாறைகிட்ட போனதை எல்லாம் தள்ளினேன். பிள்ளை மனசு நொந்துரக் கூடாதுன்னு. எனக்கு அப்ப பியூலா வயசு. அந்தப் பெரிய மணல் பள்ளத்துல என் பந்து விழுந்துடுச்சு. எங்கப்பா மேட்டுல இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னார். அடிக்கிறேன், அடிக்கிறேன், பந்து வரவே இல்லை. பின்னால ஆட வந்தவங்க எல்லாம் வேடிக்கை பார்க்கிறாங்க. அழுதுட்டேன். ‘அழுதா பந்து வராதுலே, அடி’ன்னார். என் பிள்ளைக்கு இந்தக் கதி வரக் கூடாதுன்னு அன்னைக்கே நினைச்சேன்.”

மாஸ்டர் தலையசைத்தாள்.

“சரி, நான் தள்ளினது தப்பு. ஆனா ஒண்ணு புரியல. அதே அப்பாதான். அதே பள்ளம்தான். சட்டத்துல இம்மி விட்டுக்கொடுக்காத மனுஷன். நான் அழுத இடத்துல அவ எப்படிச் சிரிக்கிறா?”

அவன் கேட்டு வாய் மூடவில்லை, கீழே எங்கிருந்தோ ஒரு சிரிப்புச் சத்தம். சின்னப் பிள்ளைச் சிரிப்பு. கூடவே ஒரு கிழட்டு இருமல்.

“வாங்க” என்று மாஸ்டர் நடந்தாள்.

யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் போய் நின்றார்கள். கீழே அந்தப் பெரிய மணல் பள்ளம் முழுசாகத் தெரிந்தது. நாளைய ஆட்டத்துக்காக இரண்டு பேர் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பியூலா. இன்னொருவர் ஜெயசிங்கின் அப்பா கோயில்பிள்ளை. அவர் மேட்டில் நிற்கவில்லை. கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, வெறுங்காலோடு பள்ளத்துக்குள் நின்றார். பந்து மணலில் பாதி புதைந்து கிடந்தது.

கிழவர் மட்டையை ஓங்கினார். ஒரு வீச்சு. மணல் குபீரென்று கிளம்பி அவர் தலைமேலேயே கொட்டியது. பந்து கிடந்த இடத்திலேயே கிடந்தது.

“தாத்தா, மணலை அள்ளச் சொல்லல. பந்தை அடிக்கச் சொன்னேன்.”

“ஏட்டி, வாய் பேசாதே. இப்ப உன் முறைதானே? அடி பாப்போம்.”

பியூலா நாக்கைக் கடித்துக்கொண்டு அடித்தாள். பந்து கிளம்பியது. பள்ளத்தின் விளிம்பு வரை ஏறியது. அங்கே நின்று யோசித்தது. அப்புறம் உருண்டு திரும்பி வந்து, இரண்டு பேர் காலுக்கும் நடுவில் நின்றது.

“பாத்தியா மக்கா, நம்மள விட்டுப் போக அதுக்கு மனசு வரல.”

பியூலா மணலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கிழவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

மரத்துக்குப் பின்னால் ஜெயசிங் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

“அப்பாவுக்கும் வராதா?” என்றான் மெதுவாக.

“எது?”

“மணல்லேருந்து எடுக்க.”

“வரவே வராது. எனக்குத் தெரிஞ்சு ஒரு தடவைகூட ஒரே அடியில எடுத்ததில்லை.”

“எனக்குத் தெரியாதே மாஸ்டர். நான் பார்த்ததே இல்லையே.”

“அன்னைக்கு இந்தப் பள்ளத்துல நீங்க அடிச்சது யார் பந்து?”

“என் பந்து.”

“அவர் பந்து?”

“அது எங்கேயோ நல்ல இடத்துல...” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். கீழே பார்த்தான். “இது யார் பந்து?”

“ஒரு வீட்டுக்கு ஒண்ணுதானே அண்ணே.”

கீழே கிழவர் தலையைச் சாய்த்து உட்கார, பேத்தி அவர் முடியிலிருந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்ப நான் என்ன செய்யட்டும் மாஸ்டர்?”

மாஸ்டர் அவன் காலைப் பார்த்தாள்.

“ஷூவைக் கழட்டிட்டுப் போங்க. அந்த மணல் உள்ளே போச்சுன்னா லேசுல போகாது.”

அவன் கழற்றினான். சாக்ஸையும் கழற்றினான். ஈரப் புல்லில் பாதம் சில்லிட, கீழே இறங்கிப் போனான். மாஸ்டர் பின்னால் வரவில்லை.

பள்ளத்தின் விளிம்புக்கு அவன் வந்ததும் கீழே சிரிப்பு நின்றது. கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னலே சிங்கு, கடையைப் பூட்டிட்டியா?”

பியூலா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் அவன் பாதத்தைத்தான் பார்த்தாள். சட்டென்று எழுந்து, பந்துக்கும் அந்தப் பாதத்துக்கும் நடுவில் மட்டையை ஊன்றினாள்.

“தள்ளக் கூடாதுப்பா.”

“தள்ள மாட்டேன்.”

“எப்பவும் அப்படித்தான் சொல்வீங்க.”

“இல்லை பாப்பா. போன வருஷம் தள்ளினேன். புதர்கிட்ட தள்ளினேன், பாறைகிட்ட தள்ளினேன். கொடிகிட்ட போனதை மட்டும் தொடவே இல்லை. அது நீயே அடிச்சது.”

பியூலா இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுவது போல நிதானமாகப் பார்த்தாள்.

“நிஜமாவா?”

“நிஜமா.”

அவள் மட்டையை எடுக்கவில்லை. ஆனால் ஊன்றியிருந்த பிடி கொஞ்சம் தளர்ந்தது. கிழவர் ஓர் அடி நகர்ந்து நின்றார்.

ஜெயசிங் மணலுக்குள் இறங்கினான். குளிர்ந்த மணல் கணுக்கால் வரைக்கும் ஏறியது. மேட்டிலிருந்து பார்த்ததைவிடப் பள்ளம் ஆழமாகத்தான் இருந்தது.

“எனக்கும் இங்கேருந்து எடுக்க வராது பாப்பா. ஆனாலும், தாத்தாவுக்கு அப்புறம் என்னையும் ஒரு அடி அடிக்க விடேன்.”