உச்சிக்கிளைக்குப் போன வரிச்சி

மலையடிவாரக் காட்டில் நெடுநெடுவென்று ஒரு நாவல் மரம் நின்றது. அதன் உச்சிக்கிளைகளில் மலையணில்கள் வாழ்ந்தன. முதுகில் கோடு போட்ட சின்ன அணில்கள் வேரோரப் பொந்துகளில் வாழ்ந்தன. அந்தக் காட்டில் புதிதாக யாரைப் பார்த்தாலும் பெயரைக் கேட்கமாட்டார்கள். எந்தக் கிளை என்றுதான் கேட்பார்கள்.

வரிச்சி என்ற சின்ன அணிலுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே உடம்பு கூசும். சேற்றில் விழுந்த பழத்தைப் பொறுக்கித் தின்பதும், பூனையின் நிழலைக் கண்டு பொந்துக்குள் ஓடுவதும் அதற்கு அலுத்துப்போயிற்று. ஒரு கோடையில் தங்கை சின்னியிடம் சொல்லிவிட்டு மேலே ஏறியது. காற்றில் தடுமாறி, கழுகுக்குத் தப்பி, உச்சிக்கிளையில் ஒரு கூடும் கட்டிவிட்டது.

மலையணில்கள் அதை விரட்டவில்லை. இங்கே யாரும் முதுகுக் கோட்டைப் பார்ப்பதில்லை என்று செம்பட்டை என்ற மூத்த மலையணில் அன்பாகவே சொன்னது. ஆனால் அவை ஒரு பழத்தை ஒரு கடி கடித்துவிட்டு வீசிவிடும். வரிச்சி கொட்டை வெளுக்கும்வரை சப்பும். அப்போது அவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். வரிச்சியும் வீசப் பழகியது. பாதி வயிற்றோடு தூங்கவும் பழகியது.

ஒருநாள் காலையில் சின்னி மூச்சிரைக்க மேலே வந்தது. தன் முதல் குட்டிகள் பிறந்த செய்தியைச் சொல்லத்தான் அவ்வளவு உயரம் ஏறியிருந்தது. உடம்பெல்லாம் சேறு.

"அக்கா! இங்கதான் இருக்கியா?"

மலையணில்கள் திரும்பிப் பார்த்தன. யார் இது என்று செம்பட்டை கேட்டது.

வரிச்சி தங்கையின் முகத்தைப் பார்க்காமல், "கீழே தெரிந்தவள்" என்றது.

சின்னி சொல்ல வந்த செய்தியைச் சொல்லாமலே இறங்கிப் போனது.

அதன்பின் வரிச்சிக்கு உச்சிக்கிளையில் பேச ஆளிருந்தும் பேச்சு வரவில்லை. குட்டிகள் பிறந்த சேதி பல வாரம் கழித்து ஒரு மைனா சொல்லித்தான் தெரிந்தது. அன்றே மனம் பொறுக்காமல் கீழே இறங்கியது.

சின்னி கோபப்படவில்லை. வாலால் தரையைக் கூட்டி இடம் ஒதுக்கியது. கூட்டத்தில் யாரும் தொடாத நல்ல பழமாகத் தேடி முன்னால் வைத்தது. குட்டிகள் தாயின் பின்னால் ஒளிந்து புதியவரைப் பார்ப்பதுபோல் பார்த்தன.

"உட்காருங்க" என்றது சின்னி.

"சின்னி, நான்தான்டி."

"தெரியுதுங்க. மேல்கிளையில இருக்கறவங்க இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு."

அதில் குத்தல் இருந்திருந்தால் வரிச்சி அழுது, சண்டை போட்டு, மன்னிப்புக் கேட்டிருக்கும். குத்தல் இல்லை. வெறும் மரியாதைதான் இருந்தது. கேட்க வந்த மன்னிப்பைக் கேட்க அதில் இடமில்லை. குட்டிகளைத் தொட்டுப் பார்க்கலாமா என்றுகூடக் கேட்காமல் எழுந்தது.

வரிச்சி மரத்தில் ஏறத் தொடங்கியது. பாதி வழியில் ஒரு கிளையில் உட்கார்ந்துவிட்டது. மேலே மலையணில்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டன. கீழே சின்னி குட்டிகளைக் கூப்பிட்டது. எந்தக் குரலிலும் அதன் பெயர் இல்லை.

உயர்ந்த இடத்துக்குப் போவதில் குற்றமில்லை. ஆனால் போன இடத்தில் தன்னவரை யாரோ என்று சொன்னவருக்கு மேலும் சொந்தமில்லை, கீழும் சொந்தமில்லை.