வளையல் துண்டு சொன்ன சேதி

நடுத்தூணில் விரிசல் விட்ட ஓர் அங்கன்வாடி இருந்தது. சோதிக்க வந்த இன்ஜினியர், "நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு விழாது. பிள்ளைகளை உள்ளே உட்கார வை, இல்லாட்டி உன் வேலை போயிடும்" என்று ஆயா செங்கமலத்தை அதட்டினார்.

"சரிங்க சார். நேத்து ரெண்டு கண்ணாடி வளையல் துண்டை விரிசலுக்குக் குறுக்கே சிமெண்ட் வச்சு ஒட்டியிருக்கேன். விரிசல் வளர்ந்தா உடையும். நீங்க தூணடியிலேயே உட்கார்ந்து, கட்டடம் பத்திரம்னு கையெழுத்துப் போடுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

தாய்மார்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். மறுக்க முடியாமல் இன்ஜினியர் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். காற்றும் இல்லை, யாரும் தொடவும் இல்லை. தலைக்கு மேல் ஒரு துண்டு 'டிக்' என்று உடைந்தது.

வாசலுக்கு ஓடிவந்தவரிடம், "தொண்ணூற்றொன்பது பங்கு விழாதுன்னீங்களே சார், போய் நாற்காலியை எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள் செங்கமலம்.

"கட்டடத்தைப் பூட்டு" என்றார்.

ஆளில்லாத அறைக்குள் இன்னொரு 'டிக்' கேட்டது.