உடம்பு சரியில்லாதவர்

கடல் தாண்டி, ஒரு தீவின் மலையூரில் நடந்தது இது.

மெய்யப்ப அடிகளும் அவருடைய சீடன் தணிகைவேலும் மாலை மழைக்கு ஒரு வீட்டில் ஒதுங்கினார்கள். தணிகைவேல் நாற்பதைத் தாண்டியவன். அப்பா போன பிறகு அடிகளோடு கிளம்பி வந்துவிட்டவன். அந்த ஊர்ப் பேச்சு அடிகளுக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்காரி ரந்தி சோறு போட்டாள். மூலையில் சிவப்புப் போர்வைக்குள் படுத்திருந்தவர் பக்கத்திலும் ஒரு கிண்ணம் வைத்தாள். குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள்.

“அவள் அப்பாவாம். உடம்பு சரியில்லையாம். விருந்தாளி வந்திருப்பதைச் சொல்கிறாள்,” என்றார் அடிகள்.

போர்வைக்கு வெளியே ஒரு கை கிடந்தது. தோல் காய்ந்து கறுத்து எலும்போடு ஒட்டியிருந்தது. தணிகைவேல் போர்வையையே பார்த்தான். அது ஏறி இறங்கவில்லை.

“சாமி, அது பிணம்.”

“சாப்பிடு.”

“எவ்வளவு நாளாக இப்படி?”

அடிகள் கேட்டுச் சொன்னார். “போன வருஷ அறுப்பிலிருந்து எழுந்திருக்கவில்லையாம்.”

ரந்தி தணிகைவேலைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

“உன் அப்பாவை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்கிறாள்.”

“இறந்துவிட்டார் என்று சொல்லுங்கள். நான்தான் கொள்ளி வைத்தேன்.”

அடிகள் சொன்னார். ரந்தியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. பிறகு மெல்லக் கேட்டாள்.

“நெருப்பு வைத்தபோது அவர் உன்னைக் கூப்பிடவில்லையா என்கிறாள்.”

 கொள்ளி வைத்த நாளிலிருந்து இதே கேள்வியோடுதான் தணிகைவேல் படுக்கப் போகிறான். யாரிடமும் சொன்னதில்லை.

ரந்தி எழுந்தாள். அவன் பக்கத்தில் கிடந்த தீப்பெட்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள். அவனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள். விடியும்வரை அவன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

காலையில் மழை விட்டதும் இருவரும் மலை இறங்கினார்கள்.

“என்னைக் கண்டு பயந்துவிட்டாள், சாமி. ஒரு மகன் செய்ய வேண்டியதைத்தானே செய்தேன்?”

“அதைத்தான் செய்தாய்.”

“அப்படியென்றால் அவள் செய்வது?”

அடிகள் நின்றார்.

“கொள்ளி வைத்ததும் உன்னிடம் என்ன சொன்னார்கள்?”

“திரும்பிப் பார்க்காமல் போ என்றார்கள்.”

“நீ பார்க்கவில்லையா?”

“இல்லை, சாமி.”

“அவள் பார்த்துவிட்டாள்,” என்றார் அடிகள்.