நேரலையில் ஒரு தாமரை இதழ்

மதுரையில் மணப்பெண்களின் ரவிக்கைகளுக்குக் கொக்கி ஊசியால் ஆரி வேலைப்பாடு செய்யும் கடை ஒன்றை ரத்தினசபாபதி நடத்தினார். அங்கே ஊசி பிடித்தவள் தெய்வானை. அவள் தைத்த தாமரைப் பூக்களை அவர் 'என் கைவண்ணம்' என்று இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொள்வார். பொறுத்துப் பார்த்த தெய்வானை, தன் பெயரிலேயே ஒரு பக்கம் தொடங்கி, தான் தைக்கும் வீடியோக்களைப் போட்டாள்.

விஷயம் தெரிந்ததும் அவர் கொதித்துப்போனார். வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கைப்பேசியை ஸ்டாண்டில் நிறுத்திவைத்து நேரலையைத் தொடங்கினார்.

"என் டிசைனைத் திருடினதா எல்லாருக்கும் சொல்லு. பக்கத்தை இப்பவே அழி. இல்லேன்னா இந்த ஊர்ல எந்தக் கடையிலயும் உனக்கு வேலை கிடைக்காது."

ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் தெய்வானை பணிவாகவே பேசினாள்.

"அழிச்சிடறேன் சார். அதுக்கு முன்னால உங்க தாமரையில ஒரே ஒரு இதழ் தைச்சுக் காட்டுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

அவரால் மறுக்க முடியவில்லை. ஊசியை வாங்கிக் குத்தினார். நூல் மேலே வரவில்லை. மறுபடி குத்தி இழுத்தார்; பட்டு கிழிந்தது.

ரவிக்கை கொடுக்க வந்திருந்த மணப்பெண் எழுந்தாள். "அக்கா, உங்க பக்கத்தோட பேர் என்ன?"

நேரலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தெய்வானை கேமராவைப் பார்த்து, எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.