வரப்பு ஆமணக்கு

கரிசல்காட்டு அய்யாத்துரை முதலாளி நாலு வயலில் நாலு ரகப் பருத்தி போட்டார். சுற்றிலும் வரப்பில் ஆமணக்கு. அவர் தேடிப்பிடித்து வாங்கிவந்த ரகம்தான் அதிகம் காய்த்தது. மனுசருக்குக் கால் தரையில் பாவவில்லை. மாலையும் கழுத்துமாக ஊரையே அந்த வயலுக்குக் கூட்டிவந்தார்.

"இனி எல்லாரும் இந்த விதைதான் போடணும். குத்தம் சொல்ல ஆள் இருந்தா வாங்க."

பருத்தி எடுக்கும் வெள்ளத்தாயி முன்னால் வந்தாள். "குத்தம் என்ன மொதலாளி. எனக்கு இந்த வரப்பு ஆமணக்குல ஒரு கை விதை குடுங்க. அதுவும் ஜெயிச்ச ரகமாச்சே."

"ஏ புள்ள, நாலு வயலுக்கும் ஒரே ஆமணக்குத்தானே. நீதானே போட்ட?"

"அப்ப இங்க மட்டும் ஏன் என் தலைக்கு மேல நிக்குது? அங்கெல்லாம் இடுப்புக்குக்கூட வரலையே."

முதலாளி ஆமணக்கை அண்ணாந்து பார்த்தார். விதைப்புக்கு முன்னால் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டது இந்த ஒரு வயலில்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, மாலையைக் கழற்றி, வரப்பில் மேய்ந்த கிடாயின் கழுத்தில் போட்டார்.

"வர்ற வருசம் நாலு வயல்லயும் கிடை போட்டுப் பார்ப்போம் தாயி. அதுவரைக்கும் அவங்கவங்க விதையையே போடுங்க."

அதற்குள் கிடா பாதி மாலையைத் தின்றிருந்தது.