தேதி கொடுக்காவிட்டால்

ஹசீனாவிடம் படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் பாதியிலேயே ஓடிப்போனார்கள். அவர் சொல்லிக்கொடுத்த வேலை அப்படி.

ஆள் வேலையைத் தானே செய்கிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. ஏஜென்ட் என்பார்கள். போன் எடுக்கும், பேசும், பதிவு செய்யும், ரத்து செய்யும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவியை அதனிடம் கொடுத்திருப்பார்கள். கருவியோடு நாலு வரிக் குறிப்பு: இது என்ன செய்யும், எப்படி இயக்க வேண்டும். அந்த நாலு வரியைப் படித்து மதிப்பெண் போட வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் படிப்பு.

ஓடாமல் நின்றவர்களில் ஒருத்தி நிறைமதி. வாதாட ஆள் கிடைத்ததால் நின்றாள் என்று கூடப் படித்தவர்கள் சொல்வார்கள்.

அன்று அவள் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். கையில் ஓர் அறிக்கை. ஒரு டயாலிசிஸ் மையம் தன் கருவி ஒன்றின் குறிப்பையும் இணைத்து அனுப்பியது. கருவியின் குறிப்பில் குறையில்லை, தவறு ஏஜென்டுடையது என்று எழுதி, கீழே குறிப்புக்கு மதிப்பெண் போட்ட அவளுடைய கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அவள் போட்டுவிட்டால் அதே குறிப்பு அவர்களுடைய மற்ற மையங்களுக்கும் போகும்.

"போட்டுடட்டுமா மேடம்?"

"என்ன நடந்ததுன்னு சொல்லு."

"உங்களுக்குத்தான் தெரியுமே."

"உன் வாயால சொல்லு."

நிறைமதி சொன்னாள். அந்தோணிராஜ் என்று ஒரு வெல்டர். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று முறை மையத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் உயிர். சொந்தத்தில் ஒரு சாவு. நாளைக்கு ஒருநாள் அண்ணனால் வர முடியாது என்று தங்கை ஸ்டெல்லா போன் செய்தாள். ஏஜென்ட் எடுத்துப் பேசியது. அதற்கடுத்த முறைக்கு அவர் போனபோது அவர் படுக்கையில் வேறு யாரோ படுத்திருந்தார். உங்கள் பெயரில் எந்த நாளும் இல்லையே என்றார்கள். வேறு இடம் தேடி அலைவதற்குள் நெஞ்சில் நீர் கோத்து, மூச்சு முட்டி, போய்ச் சேர்ந்துவிட்டார்.

"போன் பதிவைக் கேட்டியா?"

"கேட்டேன்." நிறைமதி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "கடைசில அது சொல்லுது மேடம், 'ரத்து பண்ணிட்டேம்மா, அண்ணன் உடம்பைப் பார்த்துக்கோங்க'ன்னு."



நிறைமதி ஜன்னலிலிருந்து திரும்பினாள். "அதுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? ஒருநாள் வரலன்னா ஒருநாளைத்தானே எடுக்கணும்? தேதியே போடாம, நோயாளி எண்ணை மட்டும் போட்டு அனுப்பி வச்சிருக்கு. பண்றதையும் பண்ணிட்டு உபசாரம் வேற."

"குறிப்புக்கு நீ எவ்வளவு போட்ட?"

"பத்துக்கு ஒன்பது. இப்ப கேட்டாலும் அதேதான். ஒரு வரி பொய் இல்ல. வளவளன்னு இல்ல."

"படி."

நிறைமதி படித்தாள். "நோயாளியின் முறையை ரத்து செய்யும் கருவி. நோயாளி எண் கட்டாயம். தேதியையும் கொடுக்கலாம். ரத்தானதும் உறுதிச் செய்தி வரும்."

"தேதி கொடுக்கலன்னா?"

"அவர் பேர்ல இருக்கிற எல்லா முறையும் போயிடும்."

"எந்த வரியில இருக்கு?"

நிறைமதி குனிந்து பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"இதுல இல்ல," என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஆனா எனக்குத் தெரியும் மேடம்."

"எப்படி?"

"கருவியைச் செஞ்சவர் சொன்னாரு. கேன்டீன்ல டீ குடிச்சிட்டிருந்தப்ப. நோயாளி வேற ஊருக்குக் குடிபோயிட்டா, ஒரே தடவையில எல்லாத்தையும் எடுக்க வசதியா இருக்கட்டும்னு அப்படி வச்சாங்களாம்."

"அதைக் கேட்டுட்டு வந்துதான் மதிப்பெண் போட்டியா?"

"ஆமா."

வாதத்தில் கால் வழுக்கும்போது அவளுக்குக் கோபம்தான் முதலில் வரும். இப்போதும் வந்தது.

"சரி மேடம், எழுதல. ஒத்துக்கறேன். சந்தேகமா இருந்தா அது கேட்டிருக்கணுமா இல்லையா? அந்தம்மா லைன்லதானே இருந்தாங்க? ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடும்?"

"இதைப் படிக்கும்போது உனக்குச் சந்தேகம் வந்துதா?"

நிறைமதி தாளை இன்னொரு முறை பார்த்தாள்.

"வரல," என்றாள்.

"அதுக்கும் வரல."

கீழே சாலையில் பேருந்து ஒன்று வெகுநேரம் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. நிறைமதி அறிக்கையை மேசைமேல் வைத்தாள். கையெழுத்துப் போடவும் மனமில்லை, கிழிக்கவும் கை வரவில்லை.

"நான் போடலன்னா வேற யாராவது போட்டுக் கொடுப்பாங்க மேடம். நான் போட்டாலும் போடாட்டியும் அந்தோணிராஜ் திரும்பி வரப்போறாரா?"

"வரமாட்டார்."

ஹசீனா தன் போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினார். ஒலிபெருக்கியைப் போட்டு நடுவில் வைத்தார்.

"வணக்கம், டயாலிசிஸ் மையம். யாருக்கு முறை பார்க்கணும், சொல்லுங்க."

மெதுவான, அவசரமில்லாத குரல். பதிவில் கேட்ட அதே குரல். நிறைமதி இருந்த இடத்திலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"லைன்ல இருக்கீங்களா?" என்றது அது.

ஹசீனா இணைப்பைத் துண்டித்தார்.

"இன்னும் அதேதான் போனை எடுக்குதா?" நிறைமதி போனைக் காட்டிக் கேட்டாள். "அப்ப அந்தக் குறிப்பு? அதையுமா மாத்தல?"

"எதுக்கு மாத்துவாங்க?" என்றார் ஹசீனா. "பத்துக்கு ஒன்பது வாங்கின குறிப்பு."