ஏற்றுக்கொண்டவர் கையெழுத்து

ஊரே எழுந்து பல் துலக்கி, இட்லி சாப்பிட்டு, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் பாயை விரித்துப் படுக்கும் பெண் ஒருத்தி ஒரு ஊரில் இருந்தாள். சோம்பேறி என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிட வேண்டாம். ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை ரயில்வே கேட்டைக் காப்பது அவள் வேலை.

பெயர் எப்சிபா. வயது நாற்பத்தொன்று. கணவன் செல்வின் பேக்கரியில் மாவு பிசைகிறவன். மகள் ஜெமிமா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எப்சிபா வீடு திரும்புவதற்குள் இரண்டு பேரும் கிளம்பிப் போயிருப்பார்கள். அப்படியென்றால் அவள் படுக்கும்போது வீட்டில் வேறு யாரும் இல்லை என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் தப்பு. மூன்று பேர் இருந்தார்கள்.

ஒன்று தூக்கம். அது கூச்ச சுபாவம். வாசல் வரைக்கும் வரும். உள்ளே வேறு ஆள் உட்கார்ந்திருந்தால் படி ஏறாது.

இன்னொன்று ஜெபம். எப்சிபா ஞாயிறு பள்ளிக்குப் போன காலத்திலிருந்தே அவளோடு இருக்கிறது. படுக்கும் நேரத்தில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பாயோரம் நிற்கும். அன்றைய பாரம் எதுவோ, அதை மூட்டையாக வாங்கிக்கொண்டு போய், சேர்க்க வேண்டியவரிடம் சேர்ப்பது அதன் வேலை. பல வருஷங்களாக ஒழுங்காக நடந்து வந்த வேலைதான்.

மூன்றாவது ஆள் கவலை. அது பதினைந்து நாளாகத்தான் வருகிறது. வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மழை பெய்த ஒரு ராத்திரி, ஒன்பது மணி வண்டிக்காக எப்சிபா கேட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். கம்பு பாதி இறங்கியிருந்தபோது, எப்படியும் போய்விடலாம் என்று ஒரு ஆட்டோக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தார். அவர் குனிந்தாரே தவிர ஆட்டோ குனியவில்லை. கம்பு கூரையை உரசி ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தது. ஆட்டோ எப்படியோ அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. வண்டி வர இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆட்டோவுக்குள் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுத சத்தம் மட்டும் மழைக்குள் கேட்டுக்கொண்டே போய் மறைந்தது.

மறுநாள் காலை அவள் மொபெட்டைக் கிளப்பியபோது கவலை பின் சீட்டில் ஏறிக்கொண்டது. யாரும் வா என்று கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே போய்ப் பாயின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"கேட்டைப் பூட்டினியா?" என்று ஆரம்பிக்கும். "சாவியத் திருப்பினியா, இல்ல திருப்பின மாதிரி நினைச்சியா? நல்லா யோசிச்சுப் பாரு. அந்த ஆட்டோ மட்டும் தண்டவாளத்து நடுவுல நின்னுருந்தா? அந்தப் பச்சப்பிள்ள இப்ப எப்படி இருக்கோ?"

அதன் குரல் அச்சு அசல் எப்சிபாவின் குரல் மாதிரியே இருந்ததுதான் வினை. யாரோ பேசுகிறார்கள் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. தானே யோசிப்பதாக நினைத்துக்கொண்டாள்.

ஜெபம் தன் இடத்தில் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றது. எப்சிபாவும் ஒரு நாள் தவறாமல் முழங்கால் போடுவாள். "ஆண்டவரே, என் வீட்டையும் என் பிள்ளையையும் என்னையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன், ஆமென்" என்று ஒரே மூச்சில் சொல்லி, மூட்டையை ஜெபத்தின் கையில் வைப்பாள். ஜெபம் திரும்புவதற்குள் மூட்டையின் ஒரு முனையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

"இன்னைக்காவது ஆகுமா?" என்று வாசலிலிருந்து தூக்கம் எட்டிப் பார்க்கும்.

"எங்க ஆகுது? குடுக்கேன்னு சொல்லுதா, கையை விடமாட்டேங்கா" என்று ஜெபம் அலுத்துக்கொள்ளும்.

கவலை சிரிக்கும். "அவ எப்படி விடுவா? விட்டா பொறுப்பில்லாதவன்னு ஆயிருமே. நான் கூட இருக்கப்போய்த்தான் அந்தக் கேட்டே நடக்குது."

"நீ வந்து இதுவரைக்கும் எத்தன தடவ கேட்டை மூடியிருக்க?" என்று ஜெபம் கேட்கும்.

அந்தக் கேள்வி காதிலேயே விழாததுபோல் கவலை அடுத்த பேச்சுக்குத் தாவிவிடும். அதற்குள் மணியாகிவிடும். அரை கிலோமீட்டர் தள்ளி, ஒன்பது ஐம்பது வண்டி கூவிக்கொண்டு கேட்டைக் கடக்கும். எப்சிபா பாயில் துள்ளி எழுந்து உட்காருவாள். கேட்டை இறக்கச் சுற்றும் கைப்பிடியை அவள் கை காற்றில் தேடும். வாசலில் தூக்கம் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடும்.

இப்படிப் பதினைந்து நாள்.

பதினாறாம் நாள் விடியற்காலையில் சரக்கு வண்டி ஒன்று வர இருந்தது. கேட்டை மூடச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன் அடித்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுகிறவள் எப்சிபா. அன்றைக்கு ஏழாவது மணியில் எடுத்தாள். முதல் ஆறு மணி அவள் காதில் விழவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் சொருகியிருந்தது.

கேட்டை நேரத்துக்கு மூடிவிட்டாள். சரக்கு வண்டியும் பத்திரமாகப் போய்விட்டது. ஆனால் கடைசிப் பெட்டி மறைந்த பிறகும் அவள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த தடவை ஏழாவது மணியிலும் விழிக்காமல் போனால்? அன்றைக்கு அந்தக் குழந்தை தப்பித்தது. இன்னொரு குழந்தை தன் தூக்கத்தால் சாகக்கூடாது. இன்றைக்கும் தூங்கவில்லை என்றால், இனி இந்தக் கேட்டில் தன்னால் நிற்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிடுவது, அப்புறம் வேலை இருந்தாலும் சரி, போனாலும் சரி என்று முடிவு பண்ணினாள். பன்னிரண்டு வருஷ வேலை.

எட்டு மணிக்கு இசக்கிமுத்து வந்தான். பகல் டியூட்டி அவனுக்கு. இருபத்தாறு வயது, வெடுக்கென்று பேசுகிறவன். வழக்கம்போல எல்லாம் எண்ணிக் கைமாறின. சிவப்புக் கொடி இரண்டு, பச்சைக் கொடி ஒன்று, கைவிளக்கு ஒன்று, விசில் ஒன்று, சாவி ஒன்று. நோட்டில் 'ஒப்படைத்தேன்' என்று எழுதி அவள் கையெழுத்துப் போட்டாள். 'ஏற்றுக்கொண்டேன்' என்று எழுதி அவன் போட்டான். அவ்வளவுதான், சார்ஜ் மாறிவிட்டது, இனி பொறுப்பு அவனுடையது.

எப்சிபா போகவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. இசக்கிமுத்து போனை எடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கை கைப்பிடிக்குப் போய்விட்டது.

"எக்கா! கையை எடுங்க."

"இல்ல தம்பி, நான்தான் நிக்கேன்ல, அதான்..."

"அதான் கூடாதுங்கேன். நீங்களும் கையெழுத்துப் போட்டாச்சு, நானும் போட்டாச்சு. இனி இது என் கேட்டு. நீங்க ஒரு கை, நான் ஒரு கைன்னு பிடிச்சா, நீங்க பூட்டிருப்பியன்னு நான் இருப்பேன், நான் பூட்டிருப்பேன்னு நீங்க இருப்பிய. கேட்டு தொறந்து கெடக்கும். என்மேல நம்பிக்கை இல்லன்னா நாளைல இருந்து கையெழுத்துப் போடாதிய. இருந்துச்சுன்னா வீட்டுக்குப் போங்க."

அவன் அவளுக்கு ஞானம் ஒன்றும் போதிக்கவில்லை. எரிச்சல்பட்டான், அவ்வளவுதான். காலையில் டீ கிடைக்காத எரிச்சலும் அதில் பாதி. எப்சிபா மொபெட்டை எடுத்தாள். கவலை வழக்கம்போல பின்னால் ஏறி, வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தது. ஆனால் அவள் காதில் இசக்கிமுத்து சொன்னதுதான் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து, குளித்து, இரண்டு தோசை தின்று, கதவைத் தாழ் போட்டாள். பாயை விரித்ததும் கவலை நடுவில் உட்கார்ந்தது. ஜெபம் கையை நீட்டியது. வாசல் பக்கம் தூக்கம் தயங்கித் தயங்கி வந்து நின்றது.

எப்சிபா முழங்கால் போட்டாள். "ஆண்டவரே, என் வீட்டையும் என் பிள்ளையையும் என்னையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்..."

அந்தச் சொல்லிலேயே நிறுத்திவிட்டாள்.

முப்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வந்த சொல். இன்று காலை நோட்டில் எழுதியதும் ஏறக்குறைய அதே சொல்தான். ஒப்படைத்தேன் என்று எழுதிவிட்டுக் கைப்பிடியில் கை வைத்ததற்கு இசக்கிமுத்துவுக்கே அவ்வளவு கோபம் வந்தது. தினமும் ஆமென் என்று சொன்ன கையோடு மூட்டையைத் திரும்ப இழுத்தவளை ஆண்டவர் எப்படித்தான் பொறுத்துக்கொண்டாரோ! அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அழுகையும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஆண்டவரே, மொதல்ல இருந்து சொல்லுதேன். அவசரப்படாம சொல்லுதேன். கேட்டு ஒண்ணு, சாவி ஒண்ணு. இப்ப இசக்கிமுத்து கையில இருக்கு, அவன் உம்ம கையில இருக்கான். அவனுக்கு ஒரு டீ கெடைக்கப் பண்ணும். என் வீட்டுக்காரரு அடுப்புப் பக்கத்துல நிக்காரு, அவரு ஒண்ணு. ஜெமிமாவுக்கு இன்னைக்குக் கணக்குப் பரீட்ச, அவ ஒண்ணு. அந்த ஆட்டோக்காரரு ஒண்ணு, அவருக்கு இனியாவது புத்தி வரட்டும். அந்தக் கைப்பிள்ள ஒண்ணு, பேரு எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். கடைசியா நான். இந்த ரெண்டு கண்ணு. எல்லாத்தையும் ஒப்புக்கொடுக்கேன் ஆண்டவரே. கொறைவு ஒண்ணும் இல்ல, எண்ணிப் பாத்துக்கிடும்."

மூட்டை ஜெபத்தின் கைக்குப் போனது. ஒரு முனை மட்டும் இன்னும் அவள் விரலுக்குள் இருந்தது.

கவலைக்கு நிலைமை புரிந்துவிட்டது. மடக்குவதற்கு ஒரு கேள்வியை வைத்திருந்தது, அதை இப்போது எடுத்தது. "சரி, நீ ஒப்படைச்ச. வாங்கிக்கிட்டவரு கையெழுத்து எங்க? ரெண்டு கையெழுத்து இல்லாம எந்த ஊருல சார்ஜ் மாறுது? பன்னெண்டு வருஷ சர்வீஸ்காரி, உனக்குத் தெரியாததா? எங்க, நோட்டக் காட்டு பாப்போம்."

தூக்கம் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஜெபம் எப்சிபாவைத் திரும்பிப் பார்த்தது. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் எப்சிபாதான்.

எப்சிபா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காய்ப்புக் காய்த்த கை. அதைப் பார்க்கப் பார்க்க இன்னொருவருடைய உள்ளங்கை ஞாபகத்துக்கு வந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அவரு கையெழுத்து நோட்டுல இல்ல" என்றாள். "அவரு கையிலயே இருக்கு. சிலுவையில ஆணியால போட்டது. நான் பொறக்கதுக்கு முன்னாலயே போட்டாச்சு."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பதில் சொன்னது தான் என்றால், கேள்வி கேட்டது வேறு யாரோ! பதினைந்து நாளாகத் தன் குரலில் பேசிக்கொண்டிருந்தது கவலைதான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஆமென்" என்றாள். விரலை விட்டாள்.

ஜெபம் மூட்டையோடு புறப்பட்டுப் போனது. இத்தனை நாள் நடக்காதது ஒரு நொடியில் நடந்துவிட்டது. எப்சிபா பாயில் தலையணையைப் போட்டு, நடுவிலேயே, காலை நன்றாக நீட்டிப் படுத்தாள். கவலைக்கு உட்கார இடமில்லாமல் போனது. எழுந்து வாசலுக்கு வெளியே வந்து நின்றது. ஆனால் அதற்குப் போக மனம் வரவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்த ஜெபத்தை வாசலிலேயே மறித்தது.

"ஒரே ஒரு சந்தேகம். அத மட்டும் அவகிட்டக் கேட்டுட்டுப் போயிருதேன்."

"அவ டியூட்டி முடிஞ்சுபோச்சு" என்றது ஜெபம். "எதுன்னாலும் இப்ப டியூட்டியில இருக்கவருகிட்டப் போய்க் கேளு. அவரு முழிச்சுத்தான் இருக்காரு."

"அவருகிட்டயா?"

"ஆமா. வா, கூட்டிட்டுப் போறேன்."

கவலை ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தது. "பரவால்ல, இருக்கட்டும்" என்று முனகிக்கொண்டே தெருவில் இறங்கிப் போனது. தூக்கம் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பதினைந்து நாளுக்குப் பின் முதல் முறையாக அந்த வீட்டுக்குள் நுழைந்தது.

ஒன்பது ஐம்பது வண்டி அன்றைக்கும் நேரம் தவறாமல் வந்தது. அரை கிலோமீட்டர் தள்ளி இசக்கிமுத்து கேட்டைப் பூட்டிவிட்டு, கையில் ஒரு டீ கிளாஸோடு நின்றான். வண்டி கூவி, ஊர் அதிர, தடதடவென்று கடந்து போனது.

எப்சிபாவுக்கு அது கேட்கவில்லை.